கிணத்துக்கடவு முதல் அந்தியூர் வரை: சூடானால் கிளம்பாத காரில் கல்யாணப் பத்திரிகை

சித்திரை வெயிலில் கொங்கு நாட்டுக்குள் கார் எடுத்துக்கொண்டு சுற்ற வேண்டாம் என்று இந்த வலைப்பூவில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இந்த வருடம் அதே சித்திரையில் நானே சுற்றினேன். மகள் நிவேதாவுக்கு வைகாசியில் கல்யாணம். நெருங்கிய சொந்தங்களுக்குப் பத்திரிகையை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எங்கள் பக்கம் அதை யாரும் அழைப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையம். மூன்று வீடுகள் பாக்கி இருந்தன. கிணத்துக்கடவு, காங்கேயம், அந்தியூர். மூன்றும் மூன்று திசை. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டது நான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதனால் கணக்குப் போடுவதில் ஒரு அசட்டுத் தைரியம் எப்போதும் உண்டு. கணவர் பழனிசாமிக்கு இரண்டு மாதம் முன்புதான் விழித்திரையில் அறுவை சிகிச்சை. வண்டி ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆகவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியது நான் ஒருத்திதான்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிப்பது புரியாது.

ஒன்று, கல்யாணம். நிவேதா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அரவிந்த் பிசியோதெரபிஸ்ட். இருவரும் விரும்பினார்கள், நாங்கள் சரி என்றோம். அரவிந்த் வேறு சாதி. அவன் அப்பா மாரப்பன் கிணத்துக்கடவுப் பக்கம் தோப்புகளில் கூலிக்கு மரமேறித் தேங்காய் போட்டவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான். எங்கள் சொந்தங்கள் தோப்பு வைத்திருக்கிறவர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தியூரில் இருக்கும் என் அண்ணன் முத்துசாமி என்னோடு பேசுவதில்லை. ஏழு மாதம். நிவேதாவுக்கு அவர் ஒரே தாய்மாமன். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன்தான். அந்த இடத்தில் வேறு யாரை நிறுத்தினாலும் அவர் இல்லை என்பதைத்தான் கூட்டம் பார்க்கும்.

இரண்டாவது, கார். பன்னிரண்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஓட்டி வந்து நிறுத்தி, பத்து இருபது நிமிடத்தில் மறுபடி எடுத்தால் மட்டும் மக்கர். செல்ப் மோட்டார் நன்றாகச் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பிவிடும். வீட்டருகே இருக்கும் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார், ஸ்கேனர் போட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். அவர் மேல் தப்பில்லை. கிளம்பாத வண்டி கிளம்பிய பிறகுதானே அவரிடம் போகிறது. அதற்குள் ஆறிவிடுகிறது.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். கோவை நகரத்தைத் தாண்டி, ஈச்சனாரி வழியாகப் பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு போய்ச் சேரும்போது மணி ஏழேகால். சாலை நன்றாக இருக்கிறது, பாலத்துக்கு மேலேயே போய்விடாமல் ஊருக்குள் இறங்கும் வழியைக் கவனித்துப் பிடியுங்கள். நான் தவறவிட்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பினேன்.

அங்கே வீடு, என் கணவரின் பெரியப்பா மகன் வேலுச்சாமியுடையது. நான் மாமா என்று கூப்பிடுவேன். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு, முன்னால் பெரிய வாசல். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து இருவருமாக நீட்டினோம். வாங்கிக்கொண்டார். காபி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையைப் படித்தார். மாப்பிள்ளையின் அப்பா பெயர் வரும் இடத்தில் நிறுத்தினார்.

“ஏனுங்க பழனிசாமி, இந்த மாரப்பன், நம்ம தோப்புல தேங்கா போட்டுட்டிருந்தவன்தானுங்களே?”

“ஆமாங்ணா. இப்ப நார் மில்லுல மேஸ்திரியா இருக்கறாருங்க.”

“இருக்கறாருங்களா,” என்றார் மாமா. அந்த ‘ருங்களா’வை மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு பத்திரிகையை மடித்து டீப்பாய் மேல் வைத்தார். “தேங்கா வெட்டு அந்த வாரமாட்ட இருக்குது. பாக்கலாமுங்க.”

அவ்வளவுதான் பேச்சு.  எழுந்தோம். வழியனுப்ப அவர் வாசல் வரை வந்தார். நான் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். செல்ப் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

அடுத்த இருபத்தைந்து நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாமா மரியாதை தெரிந்தவர். விருந்தாளி வாசலில் இருக்கும்போது உள்ளே போக மாட்டார். எங்களை மறுபடி உள்ளே கூப்பிடவும் மனமில்லை. ஆகவே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். டிராக்டர் ஓட்டுகிறவரும் இன்னொருவரும் வந்து தள்ளிப் பார்த்தார்கள். கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன், வண்டி குலுங்கி நின்றது, அவ்வளவுதான். அவர்களுக்கு வியர்த்தது, எனக்கு முகம் காந்தியது.

“பொம்பளைங்க ஓட்டற வண்டி கொஞ்சம் அப்படித்தானுங்க இருக்கும்,” என்றார் மாமா, ஆறுதல் சொல்கிற குரலில்.

என் கணவர் என் கையைத் தொட்டு, பேசாதே என்கிற மாதிரி அழுத்தினார்.  எட்டு மணி தாண்டி ஒரு முறை திருப்பியபோது வண்டி கிளம்பியது. மாமா கை கூப்பினார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் அன்று காலை அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வரவேற்பு.

கிணத்துக்கடவிலிருந்து குறுக்கே பல்லடம், அங்கிருந்து காங்கேயம். எண்பது கிலோமீட்டர் போல வரும். வழியெல்லாம் காற்றாலைகள். அன்றைக்கு ஒன்றுகூடச் சுற்றவில்லை. ஏசி போட்டால் வண்டி இன்னும் சூடாகுமோ என்று பயந்து ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினேன். அது வீண் பயம் என்று பிறகுதான் தெரிந்தது. டெம்பரேச்சர் முள் நாள் முழுவதும் நடுவிலேயே நின்றது. எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகவே இல்லை.

காங்கேயத்தில் கமலா சித்தி, என் அம்மாவின் தங்கை. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஆரு என்ன சொன்னா நமக்கென்ன கண்ணு, நாங்க ஒட்டுக்கா எல்லாரும் வாரோம்,” என்றார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தோ என்னவோ, உடனே சமையலறைக்குப் போய்விட்டார். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, கிளம்பும்போது பன்னிரண்டரை. அதாவது வண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேப்ப மரத்து நிழலில் நின்றிருக்கிறது. சாவியைத் தொட்டதும் கிளம்பியது.

வீட்டில் இருக்கும்போது இதையெல்லாம் சேர்த்து யோசித்ததில்லை. ஒரே நாளில் அடுத்தடுத்து நடந்ததால் தெளிவாகத் தெரிந்தது. ஓடும்போது சரி. நன்றாக ஆறினால் சரி. ஓட்டி நிறுத்திய சூட்டில், காற்றும் படாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஏதோ ஒன்று செயலிழக்கிறது. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் எதிர்க்காற்றும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோக, உள்ளே இருக்கும் சூடு சுற்றியுள்ள பாகங்களில் ஏறுகிறது. இது என் கணவர் சொன்னது. மோட்டார் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர். கார் தெரியாது, சூடு தெரியும்.

தெரிந்தும் ஈரோட்டில் தப்புச் செய்தேன். ஊருக்கு வெளியே ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். போட்டு முடித்துப் பணம் கொடுத்து, கழிப்பறைக்கும் போய்விட்டு வந்து திருப்பினால், அதே கதை. பின்னால் நான்கு வண்டி. ஒருவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பங்க் ஊழியரும் ஒரு லாரி டிரைவரும் சேர்ந்து காரை ஓரமாகத் தள்ளினார்கள்.

லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, “பெட்ரோல் மூடிருக்குமுங்க அக்கா. ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுட்டு ஒருக்கா அடிங்க,” என்றார். அதிகமாக இறங்கிய பெட்ரோல் பிளக்கை நனைத்திருந்தால் அப்படிச் செய்தால் கிளம்பும். செய்தேன். கிளம்பவில்லை. பெட்ரோல் வாசமும் இல்லை.

பங்க் ஊழியர், “பெட்ரோல் பம்ப்பு போயிருக்குமுங்க,” என்றார். சாவியை முதல் கட்டத்தில் மட்டும் வைத்துக் காது கொடுத்தோம். பின் சீட்டுக்கு அடியில் ம்ம் என்று இரண்டு நொடி பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. நான்கு முறை வைத்து எடுத்தோம், நான்கு முறையும் கேட்டது. பிறகும் கிளம்பவில்லை.

அவர்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். கடைசியாக ஒரு முறை செல்ப் அடித்தபோதுதான் அதைப் பார்த்தேன். டேஷ்போர்டில் ஆர்.பி.எம். முள் அப்படியே பூஜ்யத்தில் கிடந்தது. காலையில் வீட்டில் எடுக்கும்போது செல்ப் சுற்றும்போதே அது லேசாகத் துள்ளும். இப்போது செல்ப் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, முள்ளில் அசைவே இல்லை. எஞ்சின் சுற்றுகிற விஷயமே வண்டிக்குத் தெரியாத மாதிரி. போனில் இதையே தட்டித் தேடினேன். பல பேர் ஒரே பாகத்தின் பெயரைச் சொன்னார்கள். கிராங்க் சென்சார். எஞ்சின் சுற்றுவதைக் கண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்னப் பாகம். அது சொன்னால்தான் தீப்பொறி, அது சொன்னால்தான் பெட்ரோல். பழசானால் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் மறுபடி வேலை செய்யுமாம்.

தெரிந்து என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை மதியம், பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஆறக் காத்திருந்தோம். கணவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். வெளிச்சம் பட்டுக் கண் சிவந்திருந்தது.

“இங்கிருந்தே திரும்பிக்கலாமுங்களா?” என்று கேட்டேன். “அண்ணன் எப்படியும் வாங்கப் போறதில்ல. வாசல்ல போய் நிக்கோணும், மறுபடி வண்டி கெளம்பாது, காலைல மாதிரியே ஆகும். என்னால இன்னொருக்கா அப்படி உக்கார முடியாதுங்க.”

அவர் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டார். “போகலாம்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி கலாமணி. ஆனா போகலீன்னா, வண்டி சரியில்ல அதனால போகலன்னு நாளைக்கு நீயே சொல்லிக்குவே. அது உனக்கு ஒத்து வராது.”

இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவர் சொல்கிறார். என்ன செய்வது? வண்டி கிளம்பியதும் பவானி சாலையைப் பிடித்தேன்.

பவானி தாண்டி அந்தியூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். வாய்க்கால் பாசனம் இருக்கும் இடம் பச்சையாகவும், மீதி இடம் வெந்த மண்ணாகவும் மாறி மாறி வருகிறது. ஆடியில் குதிரைச் சந்தைக்கு வருகிறவர்கள் இதே வழிதான். சித்திரையில் சாலை காலி. ஊரைத் தாண்டி பர்கூர் மலைப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் அண்ணன் தோட்டம். மூன்றரை மணிக்குப் போய் இறங்கினோம்.

நங்கையா ஓடி வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். “வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்களே,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தார். “வாங்க மாப்ள,” என்றார் என் கணவரைப் பார்த்து. எனக்கு அந்த வரவேற்பு இல்லை.

தட்டை நீட்டினோம். அண்ணன் கையை நீட்டவில்லை. நங்கையா வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

“அண்ணா, நீங்க வந்து பட்டம் கட்டோணும்,” என்றேன். நிறைய யோசித்து வைத்திருந்தேன். வந்தது அவ்வளவுதான்.

“என்னக் கேக்காம முடிவு பண்ணுனீங்க. பட்டத்தயும் என்னக் கேக்காமயே கட்டிக்குங்க.” பிறகு என் கணவரிடம், “வெயில் தாழப் போறீங்களோ, இப்பவே போறீங்களோ, உங்க இஷ்டமுங்க மாப்ள,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

நங்கையா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், வண்டி இப்போது கிளம்பாது. ஆனாலும் உட்கார்ந்து திருப்பினேன். அந்த வாசலில் ஒரு நிமிடம்கூட இருக்கப் பிடிக்கவில்லை. திருப்பினேன், விட்டேன், மறுபடி திருப்பினேன். அழுதுகொண்டே செல்ப் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது கணவர் என் தோளைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “செல்ப் அடிக்கறத நிறுத்து! மோட்டார் கருகிப்போகும்!”

அண்ணன் வெளியே வந்தார். பழைய லாரி ஒன்றையும் டிராக்டரையும் வைத்து ஓட்டுகிறவர், பாதி ரிப்பேர் அவரே பார்ப்பார். வண்டியைக் கொடுமைப்படுத்தினால் அவருக்குப் பொறுக்காது, அது யார் வண்டியாக இருந்தாலும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “பானெட்டத் தூக்கு,” என்றார்.

தூக்கினேன். இருவரும் இரண்டு பக்கம் நின்று உள்ளே பார்த்தோம்.

“எப்பயிருந்து?”

“மூணு மாசமா. சூடா இருந்தா மட்டுந்தானுங்ணா.”

“பெட்ரோல் பம்ப்பு.”

“பம்ப்பு ஓடற சத்தம் கேக்குதுங்ணா. ஈரோட்டுல பாத்துட்டேன்.”

“அப்ப காயிலு.”

“ஆர்.பி.எம். முள்ளு அசையவே மாட்டீங்குது. செல்ப் சுத்தும்போது அது கொஞ்சம் எந்திரிக்கோணும். கிராங்க் சென்சாருன்னு போட்டிருக்குது.”

“எங்க போட்டிருக்குது?”

போனைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் படித்தார். ‘அதெல்லாம் இருக்காது’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை. “அடி பாக்கலாம், முள்ளப் பாக்கறேன்,” என்று ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தார். அடித்தேன். முள் கிடந்தது கிடந்தபடி. “ம்,” என்றார்.

எங்கள் வண்டியில் அந்த சென்சார், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழ்ப்பக்கம் இருக்கிறது. அண்ணன் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக் கையை விட்டார். ஸ் என்று இழுத்துக்கொண்டார். மணிக்கட்டில் சுட்டுவிட்டது. “துண்ட நனைச்சுக் குடு,” என்றார். நங்கையா செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். நான் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அவர் அதை அந்தச் சின்னப் பாகத்தின் மேல் மட்டும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று முறை துண்டை மாற்றி நனைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். துண்டோடு கையை வெளியே எடுத்து, உருண்டு தள்ளிப் போய், தரையில் கிடந்தபடியே சொன்னார்:

“அம்மிணி, இப்ப அடி.”

முள் துள்ளியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. நங்கையா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணன் எழுந்து முதுகைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். “அணைச்சுப்போடாத. கோபி வரைக்கும் அணைக்காமயே போ. அங்க நமக்குத் தெரிஞ்ச வொர்க்‌ஷாப் இருக்குது, போன் பண்ணுனா தொறப்பான்.” உள்ளே போனார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். “வழியில நின்னுபோச்சுன்னா மாப்ள கீழ படுக்க முடியாது. நானும் வாரேன்.”

அந்தியூரிலிருந்து கோபி முப்பது கிலோமீட்டருக்குள்தான். முழுவதும் அண்ணன் முன் சீட்டில். வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். 

வொர்க்‌ஷாப்காரர் பாகத்தை எங்கேயோ சொல்லி வரவழைத்தார். பழைய சென்சாரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கட்டை விரல் அளவுதான். பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு பக்கம் கீறல் விட்டிருந்தது. சென்சார் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய், மாற்றக் கூலி முந்நூறு. பேட்டரிக்கும் பிளக்குக்கும் செலவழித்ததை இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

மாற்றியதும் கிளம்பிவிடலாம் என்றேன். அண்ணன் விடவில்லை. ஒரு சுற்று ஓட்டி, சூடாக்கி, அணைத்துவிட்டு, எதிர் டீக்கடையில் காத்திருந்து, மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு காரிலேயே இருந்தார். டீக்கடை பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும்.

“முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கோணும்,” என்றார்.

“சொல்லியிருந்தா சரீன்னிருப்பீங்களா?”

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “மாட்டேன்.”

“அதுக்குத்தானுங்ணா சொல்லல.”

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருவருமே அவ்வளவு களைத்திருந்தோம். “ஊருக்குள்ள எனக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்குது,” என்றார். எனக்கும் வேண்டியிருக்கிறது என்று சொல்லவில்லை. காலையில் கிணத்துக்கடவில் நடந்ததை மட்டும் சொன்னேன். ‘பொம்பளைங்க ஓட்டற வண்டி’ என்ற இடத்தில், “அந்தாளு அப்படியா சொன்னான்?” என்று டம்ளரை டக்கென்று வைத்தார்.

சூட்டில் மூன்று முறை அடித்துப் பார்த்தோம். மூன்று முறையும் உடனே பிடித்தது. அந்தியூர் பஸ் வந்தது. வாரேன் என்றார், ஏறிக்கொண்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சத்தியமங்கலம், புளியம்பட்டி, அன்னூர் வழியாக நாங்கள் வீடு சேர்ந்தபோது ஒன்பது மணி. மீதியிருந்த தட்டு, பழம் எதையும் காரிலிருந்து இறக்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

இப்படிப் பயணம் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். சூடாக இருக்கும்போது மட்டும் வண்டி கிளம்பவில்லை என்றால், முதலில் செல்ப் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, செல்ப் மோட்டார், எர்த் ஒயர் பக்கம் போங்கள், அது வேறு கதை. சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பம்ப் சத்தம் கேட்கிறதா, பெட்ரோல் வாசம் அடிக்கிறதா, ஆர்.பி.எம். முள் அசைகிறதா என்று கவனித்து மெக்கானிக்கிடம் அதை அப்படியே சொல்லுங்கள். எல்லா வண்டியிலும் முள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, அதனால் கிளம்புகிற நாளில் எப்படி இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். முடிந்தால் வொர்க்‌ஷாப் வாசலிலேயே வண்டியைச் சூடாக்கிக் கிளம்பாமல் செய்து காட்டுங்கள். ஆறின வண்டியைப் பார்த்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஈரத் துண்டு வைத்தியம் வழியில் மாட்டிக்கொண்டால் மட்டும்தான். சூடான எஞ்சின் மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், கையையும் சுட்டுக்கொள்ளாதீர்கள். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ப் அடிக்காதீர்கள். நான் அடித்த மாதிரி அடிக்கவே அடிக்காதீர்கள். மூன்று ஊர்ப் பத்திரிகையை ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வண்டி நன்றாக இருந்தாலும்.

கல்யாணம் முடிந்துவிட்டது. வேலுச்சாமி மாமா வரவில்லை. கமலா சித்தி வேன் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் முதல் நாள் இரவு வரவில்லை. விடியற்காலையில் மண்டபத்து வாசலில் அவருடைய லாரி நின்றது. பட்டம் கட்டினார். நிவேதா காலில் விழுந்தபோது அவர் கை அவள் தலையில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மணிக்கட்டில் சுட்ட தழும்பு தெரிந்தது. நங்கையா மாரப்பன் வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டார். அண்ணன் சாப்பிடவில்லை. அரவிந்திடம் பேசவும் இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்குத் தெம்பும் இல்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை போன் செய்கிறார். மழை, மஞ்சள் விலை, என் கணவரின் கண், பிறகு வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று கேட்பார். நன்றாகக் கிளம்புகிறது என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன வாரம் அழைத்தபோது வண்டி இங்கே இல்லை என்றேன். நிவேதாவும் அரவிந்தும் ஊட்டிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

“ஆரு ஓட்டறது?”

“அரவிந்துதானுங்ணா.”

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

“மலையில கிளட்ச்சு மேல கால வெச்சுட்டே ஓட்டக் கூடாதுன்னு மாப்ளைகிட்டச் சொல்லு,” என்றார் அண்ணன்.